பில் பேரேட்டில் ஏறும்போது தொலைகிற 112 ரூபாய் 50 காசு

கோயம்புத்தூர் பம்ப் உதிரிபாகக் கடை ஒன்றுக்கு சென்னை சப்ளையரிடமிருந்து பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 40 எண்ணம், ஒன்று 1,250 ரூபாய். 4% தள்ளுபடி போக 48,000. பேக்கிங் 625. ஆக 48,625-க்கு மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) 9%, மாநில ஜிஎஸ்டி (எஸ்ஜிஎஸ்டி) 9%, தலா 4,376.25. கூட்டினால் 57,377.50. அதை முழு ரூபாயாக்கி, பில்லின் அடியில் 57,378 என்று போட்டிருக்கிறார்கள்.

பில்லில் கண்ணில் படுவது இந்தக் கடைசித் தொகைதான். பேரேட்டுக்கோ அது ஆறு இடத்துக்குப் பிரிந்து போக வேண்டும். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் எஃப்9 தட்டி பர்ச்சேஸ் வவுச்சரில் (கொள்முதல் பதிவில்) ஏற்றினால் இப்படி நிற்கும்:

பர்ச்சேஸ், டெபிட் 48,000.00
பேக்கிங், டெபிட் 625.00
இன்புட் சிஜிஎஸ்டி, டெபிட் 4,376.25
இன்புட் எஸ்ஜிஎஸ்டி, டெபிட் 4,376.25
ரவுண்ட் ஆஃப், டெபிட் 0.50
சப்ளையர், கிரெடிட் 57,378.00

தள்ளுபடிக்குத் தனி லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) கிடையாது என்பதைக் கவனியுங்கள். பில்லிலேயே கழித்துக் கொடுத்த தள்ளுபடி, கொள்முதல் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். சீக்கிரம் பணம் கட்டியதற்காகப் பின்னால் கிடைக்கும் தள்ளுபடிதான் வருமானமாகத் தனியே வரும். ஜிஎஸ்டி 8,752.50-ம் செலவு இல்லை. அரசிடம் நமக்கு வரவேண்டிய பாக்கி (இன்புட் கிரெடிட்). அது செலவு லெட்ஜரில் போகாமல் 'டியூட்டீஸ் அண்ட் டாக்ஸஸ்' குரூப்பில் உட்காருகிறது. ஊழியர் சாப்பாட்டு பில் போல இந்தக் கிரெடிட் எடுக்கவே கூடாத இனங்களில் மட்டும் வரியையும் சேர்த்துச் செலவு லெட்ஜரிலேயே போட்டுவிட வேண்டும்.

இனி தலைப்பில் சொன்ன 112.50. பேக்கிங் லெட்ஜரை ஓப்பன் செய்யும்போது, வரி கணக்கிடும் மதிப்பில் இதையும் சேர்க்கவேண்டும் என்ற ஆப்ஷனை (அசெஸபிள் வேல்யூ என்று இருக்கும்) ஜிஎஸ்டிக்கு வைக்காமல் விட்டால், டேலி 48,000-க்கு மட்டும் வரி போடும். தலா 4,320. மொத்தம் 57,265 என்று நிற்கும். பில்லுக்கு 113 ரூபாய் குறைகிறது. அவசரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? ரவுண்ட் ஆஃபில் 113 போட்டு கண்ட்ரோல்+ஏ தட்டிச் சேமித்துவிடுவார். சப்ளையர் தொகை சரி, டிரையல் பேலன்ஸும் சரி. ஆனால் எடுத்திருக்க வேண்டிய வரிக் கிரெடிட்டில் 112.50 செலவாகிப் போயிற்று. டெபிட்டும் கிரெடிட்டும் சமமா என்று மட்டும்தான் மென்பொருள் பார்க்கும். எந்த ரூபாய் எங்கே போகவேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

பெங்களூரு பில்லில் இதே கதை வேறு வேஷத்தில் வரும். ஜிஎஸ்டிஐஎன் (சப்ளையரின் ஜிஎஸ்டி பதிவு எண்) 29-இல் தொடங்குகிறது, அதாவது கர்நாடகம். வெளிமாநில பில் என்பதால் இரண்டு வரிக்குப் பதில் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி வரவேண்டும். பார்ட்டி (சப்ளையர்) லெட்ஜரில் மாநிலம் தமிழ்நாடு என்றே இருந்தால், ஐஜிஎஸ்டி லெட்ஜரைத் தேர்ந்தெடுத்தாலும் தொகை வராது. அங்கே கையால் தொகையை அடிக்காதீர்கள். வவுச்சரை அப்படியே விட்டு, பார்ட்டி மாஸ்டரில் மாநிலத்தையும் ஜிஎஸ்டிஐஎன்னையும் திருத்துங்கள். கையால் அடித்தால் இந்த பில் ஒப்பேறும், அடுத்த பில்லும் இதே தப்போடு வரும்.

பெரும்பாலான குளறுபடி என்ட்ரியில் பிறப்பதில்லை. ஆல்ட்+சி தட்டி, பாதி வவுச்சரில் புது லெட்ஜர் உருவாக்கும் அந்தப் பத்து வினாடியில்தான் பிறக்கிறது. சப்ளையரை சண்டிரி டெட்டார்ஸில் (நமக்குப் பணம் தரவேண்டியவர்கள் குரூப்பில்) போட்டால், அவருக்குத் தரவேண்டிய 57,378 நமக்கு வரவேண்டிய பாக்கியில் கழிந்து நிற்கும். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் அதே அளவு சுருங்கும், அதனால் யார் கண்ணிலும் படாது. எக்ஸலில் இருந்து இம்போர்ட் செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் டேலிக்கு அது வேறு லெட்ஜர்.

சப்ளையர் இன்வாய்ஸ் நம்பரை பில்லில் இருக்கிறபடியே அடியுங்கள். முன்னெழுத்து, சாய்கோடு, சைபர் எதையும் விடாதீர்கள். மாதாமாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வந்ததும் ஒப்பிடப்போவது அந்த நம்பரைத்தான். '0147/25-26' என்பதைச் சுருக்கி '147' என்று போட்டால், இங்கே ஒன்று அதிகம், அங்கே ஒன்று அதிகம் என்று காட்டும். நம்பரைச் சுருக்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை ஒருவர் '147' என்று ஏற்றியிருப்பார், லாரியோடு வந்த காகித பில்லை இன்னொருவர் '0147' என்று ஏற்றுவார். ஒரே கொள்முதல் இரண்டு தடவை.

தேதியும் அப்படித்தான். பில் மார்ச் 29, சரக்கு ஏப்ரல் 3-இல் இறங்குகிறது என்றால், சப்ளையர் பில் தேதியில் மார்ச் 29 இருக்கட்டும், வவுச்சர் தேதி ஏப்ரல் 3 ஆகட்டும். சரக்கு கைக்கு வராமல் இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது. வழியில் இருக்கும் சரக்கை வருட முடிவில் எப்படிக் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பணம் கொடுக்கும்போது எஃப்5, அதாவது பேமென்ட் வவுச்சர். டெபிட் ஆகவேண்டியது சப்ளையர் லெட்ஜர். பர்ச்சேஸை மறுபடி டெபிட் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கொள்முதல் இரட்டிப்பாகி லாபம் குறையும், சப்ளையர் பாக்கி அப்படியே நிற்கும். பில்வாரி விவரம் கேட்கும்போது 'ஆன் அக்கவுண்ட்' என்று தள்ளிவிடாமல், 'அகெய்ன்ஸ்ட் ரெஃப்' தேர்ந்தெடுத்து அந்த பில்லைக் காட்டுங்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பில்வாரி ஒழுங்காக இல்லாதவருக்கு எந்த பில் 180-ஐத் தாண்டியது என்றே தெரியாது.

பணம் கொடுக்கும் முன்பே மூன்று எண்ணம் பழுதாகித் திரும்பப் போனால் டெபிட் நோட், ஆல்ட்+எஃப்5. ஒன்று 1,250 என்று போடக்கூடாது, தள்ளுபடி போக 1,200. 3,600-க்கு வரி 324-ம் 324-ம் சேர்த்து 4,248. அதே பில்லை ரெஃப் காட்டினால் பாக்கி 53,130.

மாத முடிவில் வேறெதற்கு நேரம் இல்லாவிட்டாலும் ரவுண்ட் ஆஃப் லெட்ஜரைத் திறந்து பாருங்கள். எந்த என்ட்ரியும் 50 காசைத் தாண்டக்கூடாது. தாண்டிய என்ட்ரியில் என்டர் தட்டி வவுச்சருக்குள் போய், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் பேக்கிங்கையும் லாரி வாடகையையும் பாருங்கள்.