முதல் வரி

"நல்லா இருக்குங்க ஐயா. வெறும் வயித்துல 108. மத்ததை டாக்டர் பார்த்துச் சொல்வாங்க."

லேப் கவுண்டரில் டெக்னீஷியன் ஒரு பெரியவரிடம் சொன்னது இவ்வளவுதான். இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வெறும் வயிற்று சுகர் 80 முதல் 130க்குள் இருந்தால் நல்ல கணக்குதான். ஆனால் அதே தாளில் அடுத்த வரியில் ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சுகரின் கணக்கு, 9.2 என்று இருந்தது. பெரியவர் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

வெறும் வயிற்று சுகரை ஏமாற்றுவது சுலபம். டெஸ்டுக்கு முன் ரெண்டு நாள் சோற்றைக் குறைத்து, ராத்திரி ரெண்டு சப்பாத்தியோடு நிறுத்தினால் போதும், இறங்கிவிடும். சாப்பிட்டபின் பார்ப்பது இன்னும் மோசம். வீட்டில் ஆறு இட்லி சாப்பிடுகிறவர் அன்றைக்கு மட்டும் ரெண்டோடு எழுந்துவிடுவார். ரெண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும். பாதிப் பேர் கை கழுவியதிலிருந்து எண்ணுகிறார்கள். மூணு மாச சுகரிடம் இதெல்லாம் நடக்காது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே போகும். 9.2 என்றால் சராசரியாக 217. ரெண்டு நாள் பத்தியம் அதை அசைக்காது.

அவர் கேட்டதும் "நல்லா இருக்கா தம்பி?" என்பதுதான். முழுத் தாளையும் கேட்டாரா, முதல் வரியைக் கேட்டாரா? ரிசல்ட்டுக்கு விளக்கம் சொல்வது டெக்னீஷியன் வேலையில்லை. அந்த விதிக்குக் காரணம் உண்டு. இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் ஏ1சி கொஞ்சம் ஏறிக் காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலோ சமீபத்தில் நிறைய ரத்தம் போயிருந்தாலோ இறங்கிக் காட்டலாம். அவருடைய ஹீமோகுளோபின் அன்று பார்க்கவில்லை. அப்படியிருக்க 9.2 என்று சொல்லிப் பயமுறுத்த யாருக்கு உரிமை?

இந்தச் சமாதானம் பாதி வழிகூட வராது. ரத்தசோகை கொஞ்சம் ஏற்றும். ஆறரையாக இருக்கிற ஏ1சியை ஒன்பதுக்கு மேல் தூக்கிவிடாது. அதோடு, 108க்கு மட்டும் அந்தச் சந்தேகம் ஏன் வரவில்லை? அதற்கும் ஓட்டை உண்டு. ரத்தத்தைச் சாதா டியூபில் எடுத்து, மிஷினில் சுற்றி அணுக்களைப் பிரிக்காமல் ரெண்டு மணி நேரம் ஸ்டாண்டில் விட்டால், ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். 120 இருந்தது 108 ஆகிவிடும். சாம்பல் மூடி டியூபில் ஃபுளோரைடு இருந்தாலும் அது முழுதாகத் தடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நல்ல எண்ணை யாரும் துருவுவதில்லை. கெட்ட எண் வந்தால்தான் டியூப், மூடி, மிஷின் எல்லாம் ஞாபகம் வருகிறது.

"டாக்டர் சொல்வாங்க" என்பதும் உண்மைதான், அவர் டாக்டரிடம் போனால். நல்லா இருக்கு என்று காதில் விழுந்தபின் முன்னூறு ரூபாய் ஃபீஸ் கொடுத்து யார் போவார்?

சரி, வேறென்ன சொல்லியிருக்கலாம்? "கூட இருக்கு" என்றால் அது விளக்கம் சொன்னதாகிவிடும். ஒன்றும் சொல்லாமல் தாளை நீட்டினால், முகத்தைப் பார்த்தே பயந்துபோகிறவர்களும் உண்டு. பயந்தவர்களில் சிலர் மாத்திரையை மாற்றுவதற்குப் பதில் டெஸ்ட் எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே அன்று சொன்னது தப்பில்லை என்றும் வாதாடலாம். ஆனால் "நல்லா இருக்கு" என்ற வார்த்தையை வாயில் திணித்தது யார்? எண்ணை மட்டும் படித்திருக்கலாமே.

இப்போது கவுண்டரில் யார் கேட்டாலும் பேனா முனையால் ரெண்டு வரியையும் தொட்டுக் காட்டி, "இது இன்னிக்கு, இது மூணு மாசம். இதுக்காகவே டாக்டரைப் பாருங்க" என்று சொல்வது வழக்கம். இது விதியை மீறுவதா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பேனா ரெண்டாவது வரியில் நிற்கும்போதே பலர் கேட்பார்கள்: "அது சரி தம்பி, மேல இருக்கிறது நல்லா இருக்குல்ல?"