அது அசோக மரம் இல்லை, நெட்டிலிங்கம்

போன வாரம் காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா சின்னக் கத்தியோடு வந்தார். "உங்க அசோக மரத்துல கொஞ்சம் பட்டை எடுத்துக்கட்டுமா? மருமகளுக்குக் கஷாயம் வைக்கணும்."

கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பேச ஆரம்பித்தேன். "அக்கா, இது அசோகம் இல்லை, நெட்டிலிங்கம்."

மாதவிடாய்க் கோளாறுக்கு வைத்தியர்கள் சொல்வது அசோகப் பட்டை. அது புளியமரத்துக்கு உறவு. ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பம். கடையில் விற்கும் அசோகப் பட்டையிலேயே நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பதுண்டு. பெண்கள் நம்பிக் குடிக்கிற மருந்தில் இப்படிச் செய்வதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

நங்கநல்லூரில் எங்கள் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் இந்த மரங்கள் மாமனார் நட்டவை. கிளைகள் அடிமரத்தை ஒட்டியே கீழே தொங்கும், அதனால் கால் கிரவுண்டு வாசலுக்கும் பொருந்தும். காட்டில் வளரும் நெட்டிலிங்கம் இப்படி ஒடுங்கி நிற்காது, கிளை பரப்பும். நேராக உயர்ந்த, கனமில்லாத அடிமரம் பாய்மரத்துக்கு உதவியதால் வெள்ளைக்காரர்கள் இதை 'மாஸ்ட் ட்ரீ' என்றே கூப்பிட்டார்கள். பென்சிலுக்கும் தீப்பெட்டிக்கும்கூட இந்தக் கட்டை போயிருக்கிறது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் தெருமுனை மரங்கள் சாய்ந்தபோது எங்கள் இரண்டும் வளைந்து வளைந்து நிமிர்ந்தன. அன்றிரவு மாமனார் தூங்கவில்லை.

பூவைப் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். மார்ச் வாக்கில், நட்சத்திரம் மாதிரி, இலைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் வெளிர்பச்சை. இரண்டு மூன்று வாரம்தான். பிறகு காய்த்து, கருநீலமாகப் பழுக்கும். பகலில் குயில், இரவில் வௌவால். காலையில் வாசலெல்லாம் கொட்டை; கூட்டுவது என் வேலை, செய்கிறேன்.

அக்காவை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை தோரணத்துக்கு இலை தருகிறேன் என்றேன். ஓரம் அலை அலையாக நெளியும் அந்த இலை சீக்கிரம் வாடாது, மாவிலையோடு கலந்து கட்டலாம். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத்தான் பறித்தேன். கறுப்பில் பச்சைப் புள்ளி வைத்த வண்ணத்துப்பூச்சி ஒன்று இதில் முட்டையிடும். நாலாவது கொத்தில், நடுநரம்பை ஒட்டி, இலை நிறத்திலேயே ஒரு தடித்த புழு.

"இந்தக் கொத்து வேணாம், விட்டுடு" என்று அக்காவே சொன்னார்.