மூச்சு வரும் வழி

ஜனவரி 9, வியாழன்

மகளின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தேன். கதவு சாத்திய அடுத்த அறையிலிருந்து மகள் ஓடிவந்தாள். "அம்மா, ஏதோ கருகுகிறது!" என்றாள். மேசை என்னிடமிருந்து இரண்டடி தூரத்தில் இருந்தது. சட்டையின் முதுகில் பழுப்பு முக்கோணம். புகை எழுந்துகொண்டிருந்தது. என் மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை.

நான்கு வருடமாக மூக்கடைப்பு. குனிந்தால் கன்னத்துக்குள் ஏதோ நகர்ந்து கண்ணுக்குக் கீழே வந்து நிற்பதுபோல் பாரம். காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் தொண்டையைச் செருமிச் செருமிச் சளியை அகற்ற வேண்டும். இவற்றோடு வாழப் பழகிவிட்டேன். வாசனை எப்போது போனது என்று கேட்டால் எனக்கு நாள் தெரியாது. இன்று பயந்துபோனேன். இந்தக் குறிப்பை அதனால்தான் தொடங்குகிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தோம். மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவிட்டு, பென்சிலைவிட மெல்லிய எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டார். திரையில் என் மூக்கின் உட்புறம் தெரிந்தது. இளஞ்சிவப்புச் சுவர்களுக்கு நடுவே, தோலுரித்த திராட்சை போல வெளிறிய உருண்டைகள் இரண்டு பக்கமும். அவற்றை பாலிப் என்கிறார்கள். வீங்கிய சவ்வே நீர்கோத்துத் தொங்குகிறது; புற்றுநோய் வகை அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நன்றி.

முகத்துக்குள் இருக்கும் காற்றறைகளைத்தான் சைனஸ் என்கிறார்கள். சைனஸ் அழற்சி 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்டது. எனக்கு எத்தனை பன்னிரண்டு வாரங்கள்!

இதுவரை என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார். கடையில் வாங்கிய மூக்கடைப்புச் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் போட்டு வந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தச் சொட்டு மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே வழிவிடும். ஒரு வாரத்தைத் தாண்டித் தொடர்ந்தால் மருந்து இறங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும், அதற்கு மறுபடி மருந்து தேவைப்படும். யாராவது இதை எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். படிக்கும் நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போதைக்கு அறுவை சிகிச்சைப் பேச்சில்லை. தினமும் இருமுறை உப்பு நீரால் மூக்கைக் கழுவ வேண்டும், ஸ்டீராய்டு ஸ்பிரே அடிக்க வேண்டும், முதல் பத்து நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை. ஸ்பிரே அடிப்பதற்கும் முறை இருக்கிறது: இடது துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை. அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் பட்டுப் புண்ணாக்காமல் வெளிச்சுவர்ப் பக்கம் போகும்.

ஜனவரி 20, திங்கள்

மாத்திரை தொடங்கி ஐந்தாவது நாள். குளியலறையில் சோப்பு உறையைப் பிரித்தேன். மணந்தது! மூடி, மறுபடி முகர்ந்தேன். மணந்தது. மகளின் பாடப்புத்தகத்தை விரித்து முகத்தில் வைத்துக்கொண்டேன். அச்சு மை, காகிதம், பையின் ரெக்சின். கணவர் அலுவலகத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

பிப்ரவரி 6, வியாழன்

போய்விட்டது. மாத்திரை முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக மங்கி, நேற்று முதல் எதுவும் இல்லை. இரண்டாம் முறை இழப்பது முதல் முறையைவிட வலிக்கிறது.

மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். மாத்திரையை நீட்டிக்க முடியாது என்றார். ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட காலம் போனால் எலும்பு, கண், ரத்தச் சர்க்கரை எல்லாவற்றையும் பாதிக்கும். "ஆனால் வாசனை வந்துபோனது நல்ல செய்தி. நரம்பு உயிரோடு இருக்கிறது. காற்று அதைப் போய்ச் சேரும் வழிதான் அடைபட்டிருக்கிறது" என்றார். அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

எட்டு வாரம் தவறாமல் கழுவினேன், ஸ்பிரே அடித்தேன். செருமல் குறைந்தது. அடைப்பும் வாசனையும் அப்படியே. எனவே சிடி ஸ்கேன்.

முகத்துக்குள் நான்கு ஜோடி அறைகள் இருக்கின்றன என்று இன்றுதான் தெளிவாகப் பார்த்தேன்: கன்னத்தில், நெற்றியில், இரு கண்களுக்கும் நடுவே தேன்கூடுபோல, எல்லாவற்றுக்கும் பின்னால் மண்டையின் ஆழத்தில். காற்று நிறைந்த அறை படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். எனக்கு அநேகமாக எல்லாம் சாம்பல். 24-க்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டாம். பூஜ்யம் என்றால் சுத்தம். என்னுடையது 17. நடுச்சுவரும் இடப்பக்கம் வளைந்திருக்கிறது.

எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையை அவர் விளக்கியதை முழுதாக எழுதிவைக்கிறேன், எனக்கு அதில்தான் மனம் தெளிந்தது. முன்பெல்லாம் மேலுதட்டுக்கு உள்ளே ஈறை அறுத்துக் கன்ன அறைக்குள் நுழைவார்கள். சளி வடியட்டும் என்று தாழ்வான இடத்தில் புதுத் துளை போடுவார்கள். ஆனால் சளி தண்ணீரைப்போல் பள்ளம் பார்த்து ஓடுவதில்லை. சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் துடித்து அதைத் தள்ளிக்கொண்டே போகின்றன. கன்ன அறையின் இயற்கையான வாசல் மேலே இருக்கிறது; கீழே எத்தனை துளை போட்டாலும் இழைகள் சளியை மேலே உள்ள அந்த வாசலுக்கே ஏற்றிக்கொண்டு போகும். இதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர் ஆராய்ந்து காட்டினார். அதன்பிறகு, 1980-களிலிருந்து, இயற்கை வாசலையே அகலப்படுத்தும் இந்த முறை பரவியது. என் உடம்பு இத்தனை வருடமும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது, மூடிய வாசலை நோக்கி.

அபாயங்களையும் மறைக்காமல் சொன்னார். தேன்கூட்டு அறைக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள எலும்புக்கே காகிதத் தகடு என்று பெயர், அவ்வளவு மெல்லியது. மேலே மூளையின் தளம். கண்ணில் காயம், மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவது, அதிக ரத்தப்போக்கு ஆகியவை நேரலாம். அரிது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. பாலிப் மறுபடி வளரவும் கூடும். ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றை இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள், அவசரமே இல்லை என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டு அத்தானிடம் பேசினேன். அவருக்கு இரண்டு முறை இதே அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் "சைனஸ் ஆபரேஷன் நிற்காது" என்ற பேச்சுக்கு அவர்தான் ஆதாரம். அதனாலேயே அவரிடம் கேட்கப் பயந்தேன்.

"முதல் தடவை முடிந்து இரண்டு வருடம் சுகமாக இருந்தேனம்மா. எல்லாம் சரியாகிவிட்டது என்று கழுவுவதை நிறுத்தினேன், ஸ்பிரேயையும் நிறுத்தினேன். மூன்றாம் வருடம் அடைத்துக்கொண்டது. சொன்னபடி செய்திருந்தால் வந்திருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் செய்யவில்லை, அதுதான் உண்மை."

இப்போது கழுவுகிறீர்களா என்று கேட்டேன். மறுமுனையில் பதில் இல்லை. "நீ செய்துகொண்டால் நானும் தொடங்குகிறேன்" என்றார் பிறகு.

அவர் மறைக்காமல் பேசியது எனக்குப் பெரிய உதவி. அறுவை சிகிச்சை நோயைப் பிடுங்கி எறிவதில்லை. மருந்தும் நீரும் உள்ளே போக வழி உண்டாக்குகிறது. அப்படிப் பார்த்தால் என்னிடம் கேட்கப்படும் கேள்வியே வேறு. ஒருநாள் துணிவு இருக்கிறதா என்பதல்ல, வருடக்கணக்கில் தினம் பத்து நிமிடம் தருவேனா என்பது.

மார்ச் 20, வியாழன்

சம்மதம் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 8. அதற்கு முன் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபென், மீன் எண்ணெய் மாத்திரை எதுவும் கூடாது, ரத்தம் உறையும் தன்மையைக் குறைக்கும். மகளிடம் சொன்னபோது, "மூக்கை வெட்டி ஒட்டுவார்களா?" என்று கேட்டாள். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது என்றதும்தான் விளையாடப் போனாள்.

ஏப்ரல் 9, புதன்

நேற்று முடிந்தது. முழு மயக்கம். இரண்டரை மணி நேரம் ஆனதாம். எனக்குக் கண் மூடித் திறந்ததுபோல் இருந்தது. மூக்கின் கீழே மீசைபோல் பஞ்சுக் கட்டு, உள்ளே நடுச்சுவரின் இருபுறமும் சிலிக்கோன் தகடு.

வலி நான் பயந்த அளவு இல்லை, பாராசிட்டமால் போதுமாக இருக்கிறது. வாய் வறள்வதுதான் வேதனை. இரவு முழுவதும் வாயால் மூச்சு விட்டதில் நாக்கு மரக்கட்டை. தலையை உயர்த்தி, சாய்ந்தபடியேதான் தூங்க வேண்டும். கணவர் மணிக்கொருமுறை எழுந்து தண்ணீர் கொடுத்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றுதான் மிக மோசம். வீக்கம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும் என்று எச்சரித்திருந்தார்கள். முகம் முழுக்க ஈரச் சிமெண்ட் பூசியதுபோல் இருக்கிறது.

மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அழுத்தத்தில் காற்று கண்ணைச் சுற்றிய தோலுக்கடியில் புகுந்துவிடலாம். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. உப்பு நீர்க் கழுவல் தொடங்கியாயிற்று. கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. குழாய் நீரில் அரிதாக இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியே போனால் மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாத நீர் மூக்கில் விடத் தகுதியற்றதாக இருக்கலாம் என்பதை எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. 240 மில்லி புட்டி, உப்புப் பொட்டலம், மெதுவான அழுத்தம். கரும்பழுப்பு உறைவுகள் வெளியே வருகின்றன.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்றிரவு நடந்ததை எழுதக் கை இன்னும் நடுங்குகிறது. படுக்கும் முன் தரையில் விழுந்த கண்ணாடியை எடுக்க, மறந்து குனிந்துவிட்டேன். வலது துவாரத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டியது. சளி அல்ல, ரத்தம் அல்ல, நீர். மூளை நீர் கசிந்தால் அப்படித்தான் வரும் என்று அறிவுரைத் தாளில் இருந்தது நினைவுக்கு வந்தது. கணவர் உடனே அவசர எண்ணை அழைத்தார்.

எத்தனை மணிக்குக் கழுவினீர்கள், இன்னும் சொட்டுகிறதா, கழுத்து விறைப்பு, காய்ச்சல், கடுமையான தலைவலி உண்டா என்று கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்தான் கழுவியிருந்தேன். காலையில் வரச் சொல்லி எண்டோஸ்கோப்பில் பார்த்தார்கள். கசிவு இல்லை. அகலமாகிவிட்ட அறைக்குள் தங்கிய கழுவுநீர், தலை சாய்ந்ததும் வெளியேறியிருக்கிறது. வீணாகத் தொல்லை கொடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். "இதற்கு அழைக்காமல் வேறு எதற்கு அழைப்பீர்கள்?" என்றார் மருத்துவர். உங்களுக்கும் அப்படி ஆனால் தயங்காமல் அழையுங்கள். பார்வை மங்கினாலும், கண் வீங்கினாலும், சிவந்த ரத்தம் நிற்காமல் வந்தாலும் அப்படியே.

ஏப்ரல் 15, செவ்வாய்

தகடுகளை எடுத்தார்கள். தையலை வெட்டி இழுத்தபோது, என் விரல் நீளத்துக்கு ஒன்று மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதும் வந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது. குளிர்ந்த காற்று, இரு துவாரங்களிலும் ஒரே அளவில், நெற்றிக்குப் பின்னால்வரை. மூச்சு விடுவது ஒரு வேலையாக இல்லாமல் இருப்பதை மறந்தே போயிருந்தேன்.

பிறகு பொருக்குகளை உறிஞ்சியும் இடுக்கியால் எடுத்தும் சுத்தம் செய்தார்கள். அது வலித்தது. கண்ணில் நீர் தானாக வழிந்தது. பொருக்கை விட்டுவைத்தால் அடியில் தழும்பு ஒட்டி வாசல் மூடிக்கொள்ளும் என்பதால் இதைத் தவிர்க்க வழியில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டாவது சுத்தம். வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆயிற்று. மாலையானால் சோர்வு.

மே 7, புதன்

முதலில் வந்தது துர்நாற்றம். உள்ளே மிஞ்சியிருந்த ஒரு பொருக்கின் அழுகல் வாடை இரண்டு நாள் இருந்து, கழுவலில் போய்விட்டது. இன்று காலை சோப்பு மணந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரியில் ஓடிப்போய்ச் சொன்னதும், பிறகு இழந்ததும் நினைவில் இருக்கிறது.

முகர்தல் பயிற்சியும் தொடங்கியிருக்கிறேன்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சுமார் 20 நொடி, மனத்தைக் குவித்து. குறைந்தது மூன்று மாதம். ரோஜா இன்னும் வெறும் இனிப்பாக மட்டும் தெரிகிறது, பூவாக இல்லை.

ஜூன் 19, வியாழன்

மகளிடமிருந்து ஜலதோஷம் தொற்றி, மூன்று நாளாக அடைப்பு. வாசனை போய்விட்டது. இரவெல்லாம் தூங்கவில்லை. மருத்துவர் பார்த்து, சவ்வு வீங்கியிருக்கிறது, வாசல்கள் திறந்தே இருக்கின்றன, கழுவுங்கள், காத்திருங்கள் என்றார். காத்திருக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

கிராம்பு திரும்பிவிட்டது. மாலையில் எலுமிச்சையும்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று மாதப் பரிசோதனை. கன்ன அறைகள் சுத்தம், தேன்கூட்டு அறைகள் சுத்தம். வலது நெற்றி அறையின் வாசலில் மட்டும் சிறு வீக்கம்; கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பிரேயை நிறுத்துவதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ரோஜா இப்போது ரோஜாதான். பழைய கழுவுபுட்டியை எறிந்துவிட்டுப் புதியதை எடுத்துவைத்தேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

என் தகடுகளை எடுத்த நாளில் அத்தானும் கழுவத் தொடங்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும், யார் முதலில் முடிக்கிறோமோ அவர் மற்றவருக்கு "ஆயிற்று" என்று ஒரு வார்த்தை அனுப்புகிறோம். இதை எழுதிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. அவருடைய செய்தி வந்து பத்து நிமிடம் ஆகிறது. நீர் ஆறியிருக்கும், எழுந்து போகிறேன்.