மகளுக்கு ஜிம் தேடிய நாட்கள்: கிளிநொச்சி நாட்குறிப்பு

பெப்ரவரி 8, 2025, சனி

மகளின் பள்ளிக்கூடத்தில் இன்று இல்ல விளையாட்டுப் போட்டி. உடற்பயிற்சிக் கண்காட்சியில் அவளுக்கென்று ஒரு சின்னப் பகுதி கொடுத்திருந்தார்கள். மைதானத்தின் குறுக்கே கையை ஊன்றிப் பக்கவாட்டில் சில்லுப் போலச் சுழன்று போக வேண்டும். ஐந்து முறை சுழன்றாள். ஐந்தாவதில் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே இரண்டு காலையும் பதித்து, கையை உயர்த்தி நின்றாள். யாரும் பழக்கியதல்ல. வீட்டில் நெல் காயப் போடும் படங்கில் தானாகப் பழகியது.

பந்தலில் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது விளையாட்டு ரீச்சர் வந்தார். "அக்கா, இவளைச் சும்மா விடாதேங்கோ. முறையாப் பழகினா ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்குப் போவாள்" என்றார். மில்கா கெஹானியைப் பற்றியும் சொன்னார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனவர். ஜிம்னாஸ்டிக்ஸில் இலங்கையிலிருந்து ஒலிம்பிக் மேடை ஏறிய முதல் ஆள் அவர்தான். மகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் போக வேண்டிய பெரிய கூடம். மற்றது எங்கள் ஊரிலேயே, வாடகை மண்டபமொன்றில், பின்னேரங்களில் ஒரு இளம் பெண் நடத்தும் வகுப்பு. என் கணவர் காலபோக அறுவடையில் நிற்கிறார். வெட்டு மெசின் எங்கள் வயலுக்கு எப்போது வரும் என்பதைத் தவிர அவருக்கு இப்போது வேறு நினைப்பில்லை. இடம் பார்ப்பது என் வேலை.

பெப்ரவரி 10, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். முதல் கேள்வியே உடுப்பைப் பற்றித்தான். "ஏன் பிள்ளை, தொடை தெரியிற அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே சனத்துக்கு முன்னால நிக்கப்போகுது?"

அம்மாவைப் பழைய ஆள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மகளே இன்னும் இரண்டு வருடத்தில் இதைக் கேட்கக்கூடும். டோக்கியோவில் ஜெர்மன் பெண்கள் அணி கணுக்கால் வரை மூடிய உடுப்போடு இறங்கிய படத்தைக் கைபேசியில் எடுத்துக் காட்டினேன். அப்படி உடுக்க விதியிலேயே இடமுண்டு, புள்ளி குறையாது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார். "அப்ப சரி" என்றார்.

பிறகு, "விழுந்தா?" என்று கேட்டார். அதற்குக் காட்ட என்னிடம் படம் இல்லை.

பெப்ரவரி 15, சனி

விடிய ஐந்தரைக்கே பஸ் ஏறிப் பெரிய கூடத்துக்குப் போனோம். உள்ளே போனதும் எனக்கே மூச்சு நின்றுவிட்டது. அடியில் சுருள்வில் வைத்த தளம், ஸ்பொஞ்ச் கட்டைகள் நிறைந்த குழி, உயரமான பீம், தொங்கிச் சுழல இரண்டு உயரத்தில் பார், ஓடி வந்து கை ஊன்றித் தாண்டும் வோல்ட் மேசை எல்லாம் இருந்தன. பெண்களுக்கான போட்டியில் நான்கு பகுதிகள்: வோல்ட், பார், பீம், தரை. நான்குக்கும் வேண்டியது அங்கே இருந்தது. பீம் என்பது வெறும் 10 சென்ரிமீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொண்ட கட்டை. போட்டியில் அது தரையிலிருந்து 125 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும், அதாவது மகளின் உயரம். மகள் அதன் பக்கத்தில் போய் நின்று தன் தலையையும் கட்டையையும் கையால் அளந்து பார்த்தாள். குழிக்குள் ஒருமுறை குதிக்க விட்டார்கள். சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பெற்றோர் வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகளின் கவனம் சிதறுமாம். கண்ணாடி ஜன்னலாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கதவு சாத்தும் முன் ஒரு இடைவெளி வழியாகக் கண்டதை எழுதத்தான் இவ்வளவு நேரம் முழித்திருக்கிறேன்.

பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை கால்கள் இரண்டையும் முன்னும் பின்னுமாக நீட்டி அமர்ந்திருந்தாள். ஸ்பிளிட் என்பார்கள். முன் கால் ஒரு மெத்தையின் மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பயிற்றுநர் அவளது இடுப்பில் தன் இரு கைகளையும் வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். பிள்ளை அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணைச் சுவரில் ஊன்றியிருந்தாள். கண்ணீர் மட்டும் வடிந்தது. சுற்றியிருந்த பிள்ளைகள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அவர்களுக்கு அது பழகிவிட்டது.

முடிந்த பிறகு பயிற்றுநரிடம் கதைத்தேன். மரியாதையான ஆள்தான். வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றார். "எட்டு வயசே பிந்திப்போச்சு. இனி ஒரு நாளும் விடக்கூடாது" என்றார்.

வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைப்பேன் என்று மனதுக்குள் நேர்ந்திருந்தேன். எதற்காக நேர்ந்தேன் என்பதே இப்போது குழப்பமாக இருக்கிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

"அம்மா, நான் அங்கதான் போவன்." காலையிலிருந்து இதே பாட்டு.

இரவு லண்டனிலிருந்து மச்சாள் எடுத்தார். அவருடைய மூத்தவள் அங்கே ஐந்து வருடம் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவள். நான் கண்டதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிரித்தானியாவில் 2022இல் வைட் அறிக்கை என்று ஒன்று வந்ததாம். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளை ஆராய்ந்து எழுதியது. காயத்தோடு பயிற்சி செய்ய வைப்பது, பிள்ளை துடிக்கும் வரை உடலை இழுத்து வளைப்பது, உடம்பைப் பற்றி இழிவாகப் பேசுவது, தண்ணீருக்கும் கழிவறைக்கும் போக விடாதது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. "மச்சாள், அங்க எல்லா வசதியும் இருந்த இடங்களிலதான் இது நடந்தது" என்றார்.

மெத்தையின் தடிப்பை எப்படிப் பார்ப்பது என்று கேட்கத்தான் நான் இருந்தேன். கேட்கவில்லை.

பெப்ரவரி 22, சனி

ஊரிலுள்ள வகுப்புக்குப் போனோம். தகரக் கூரை மண்டபம். மதியத்துக்குப் பிறகு அனல் அடிக்கும் என்பதால் வகுப்பை நாலரைக்குத்தான் தொடங்குகிறார். பன்னிரண்டு பிள்ளைகள், மிஸ்ஸும் அவருக்கு உதவியாக ஒரு பெரிய பிள்ளையும். சுருள்வில் தளம் இல்லை, குழி இல்லை, பார் இல்லவே இல்லை. தரை முழுக்க மடிக்கும் மெத்தைகள், விழுந்து இறங்குவதற்குத் தடித்த மெத்தைகள் இரண்டு. பீம் தச்சரிடம் சொல்லிச் செய்வித்தது, அதே 10 சென்ரிமீற்றர் அகலம், ஆனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரந்தான். மேலே கம்பளத் துணி சுற்றியிருந்தது.

மகளின் முகம் தொங்கிப்போனது. நான் சமாதானம் சொல்லவில்லை. சுவரோரம் வாங்கில் வேறு தாய்மாரோடு இருந்து ஒன்றரை மணித்தியாலமும் பார்த்தேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

முதல் இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்கும் ஓட்டமும் துள்ளலும். பிறகு விழப் பழக்கினார். நான் இதை எங்கும் எதிர்பார்க்கவில்லை. பின்பக்கமாக விழும்போது கையைப் பின்னால் ஊன்றாமல், முதுகை உருட்டி, நாடியை நெஞ்சோடு சேர்த்து விழ வேண்டும். கை ஊன்றினால் மணிக்கட்டும் முழங்கையும்தான் முறியும் என்றார். ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் செய்வார்களாம். அம்மாவின் "விழுந்தா?" எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஸ்பிளிட்டும் இருந்தது. மிஸ் யாரையும் அழுத்தவில்லை. பிள்ளைகள் தங்கள் பாரத்தாலேயே மெல்ல இறங்கினார்கள். ஒரு சின்னவன் "மிஸ், நோகுது" என்றான். அவர் போய்ப் பக்கத்தில் குந்தி, "எங்க நோகுது? இழுக்கிற மாதிரியா, குத்துற மாதிரியா?" என்று கேட்டார். "குத்துது" என்றதும் எழும்பச் சொல்லிவிட்டு, காலைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அவனிடமே கேட்டுத்தான் தொட்டார். அன்றைக்கு அவனுக்கு ஸ்பிளிட் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

நோகுது என்று வாய் திறந்து சொல்வது எங்கள் வயதுக்காரருக்கு வராது. 2009இல் எனக்குப் பதினைந்து. பங்கருக்குள் நோவைச் சொல்லி என்ன பயன்? சொன்னால் பக்கத்திலிருப்பவருக்குப் பயம் கூடும். இப்போதும் பல்லு வலித்தால் மூன்று நாள் கழித்துத்தான் இவரிடம் சொல்வேன். என் பிள்ளை அந்தப் பழக்கத்தைக் காசு கட்டிப் படிக்கக்கூடாது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் நேராகவே கேட்டேன். "மிஸ், பார் இல்லாமல் எப்படிப் போட்டிக்குப் போவாள்?"

"போக ஏலாது அக்கா" என்றார். "இரண்டு வருசம் என்னட்ட இருக்கட்டும். உடம்பைப் பலப்படுத்தி, தரையும் பீமும் சொல்லிக் குடுப்பன். பாருக்கு என்னட்ட வசதியில்லை. நேரம் வந்ததும் நானே சொல்லி வேற இடத்துக்கு அனுப்புவன்."

தன்னால் முடியாததைத் தானாகச் சொன்ன பயிற்றுநரை இந்த இரண்டு வாரத்தில் இன்றுதான் கண்டேன்.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

கோயிலில் இருந்துவிட்டு வந்து முழித்திருக்கிறோம். மகள் ஒன்பது மணிக்கே நித்திரை.

இவரோடு ஆறுதலாகக் கதைக்க இன்றுதான் நேரம் கிடைத்தது. இவருக்குப் பெரிய கூடம் பிடித்திருந்தது. "நாங்கள் வசதியில்லாமல் வளர்ந்தம். அவளுக்காவது நல்லதைக் குடுப்பம்" என்றார். அந்த ஆசையை நான் குறைத்துச் சொல்ல முடியாது. எனக்கும் அது உண்டு.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவர்கள் சொல்லும் ஒரு எளிய அளவு இருக்கிறது: வாரத்தில் பயிற்சி செய்யும் மணித்தியாலம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. பெரிய கூடத்தில் வாரம் 12 மணித்தியாலம், மகளுக்கு எட்டு வயது. ஊர் வகுப்பில் வாரம் நாலரை மணித்தியாலந்தான். வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று மெல்லிய பகுதி ஒன்று இருக்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் கையே காலாகி உடம்பைத் தாங்குவதால் மணிக்கட்டுக்குள் அந்தத் தட்டுத்தான் முதலில் அடி வாங்கும். நோவைச் சொன்னால் ஓய்வு கொடுத்து ஆற்றலாம். சொல்லாமல் மறைத்தால் எலும்பு வளர்வதே பிசகும்.

"எட்டு வயசு பிந்திப்போச்சு எண்டு சொன்னாரே" என்றார் இவர். நானும் அதையே யோசித்திருந்தேன். ருமேனிய வீராங்கனை நாடியா கோமனெச் 1976இல் மொன்றியலில் முழுப் பத்துப் புள்ளி எடுத்தபோது அவருக்குப் பதினான்கு வயது. இப்போது அந்த வயதில் ஒலிம்பிக்கில் இறங்கவே முடியாது. 1997 முதல் பெண்களுக்கு அந்த வருடத்தில் பதினாறு ஆகியிருக்க வேண்டும். ஒலிம்பிக் எங்கள் கனவில்கூட இல்லை, ஆனால் இன்னும் எட்டு வருடம் இருக்கும் ஒன்றுக்கு ஏன் இன்றைக்கே ஓட வேண்டும்?

காசையும் பார்த்தோம். பஸ்ஸுக்கு மட்டும் மாதம் 9,000 ரூபாவுக்கு மேல் போகும். அதைச் சேமித்தால் பார் தேவைப்படும் நாளில் கையில் இருக்கும். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மண்டபத்தில தடிச்ச மெத்தை ரெண்டுதானே? நெல்லுக் காசில ஒண்டு வாங்கிக் குடுப்பம்" என்றார்.

மார்ச் 1, சனி

மகளிடம் சொன்னேன். அழுதாள். குழிக்காகத்தான் அழுதாள். விடுமுறைக்கு ஒரு நாள் எங்காவது குழியுள்ள இடத்துக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மறக்காமலிருக்க இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

முதல் வகுப்பு. பீமில் ஏறி நடுவில் நின்றுவிட்டாள். "மிஸ், பயமாக் கிடக்கு" என்ற குரல் வாங்கு வரை கேட்டது. மிஸ் கையை நீட்டினார். இவள் ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தாள். திரும்பி வரும்போது அந்த விரலும் வேண்டாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் அளவு நாடாவை எடுத்து, விறாந்தைச் சீமெந்தில் சோக்கால் இரண்டு கோடு போட்டாள். இடைவெளி சரியாக 10 சென்ரிமீற்றர். விளக்கு வைக்கும் நேரம் வரை அதில் நடந்தாள். அம்மா தேத்தண்ணீரோடு வந்தவர், கோட்டை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போனார்.