தோட்டத்துப் பட்டணத்தில் ஆஸ்டரிஸ்க்: கம்பியும் கரண்டும் முதலில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் ஒரு கிளினிக்குக்கோ, உதிரிப்பாகக் கடைக்கோ, தோட்ட ஆபிசுக்கோ எட்டுப் பத்து போன் வேண்டுமென்றால் விலையுயர்ந்த பிபிஎக்ஸ் பெட்டி (ஆபிஸ் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச்) தேவையில்லை. அதே வேலையைச் சாதாரணக் கணினியில் செய்யும் மென்பொருள்தான் ஆஸ்டரிஸ்க்; 1999-ல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய அது இலவசம். ஆஸ்டரிஸ்க்கை வலைப்பக்கம் வழியாக ஓட்ட உதவும் ஃப்ரீபிபிஎக்ஸும் இலவசம். காசு கேட்கும் கூடுதல் மாட்யூல்கள் சில உண்டு, அவை இல்லாமலேயே சமாளிக்கலாம். இந்த அளவு வேலைக்கு மென்பொருள் அசராது. கெடுவதெல்லாம் டயல் விதியிலும் ரௌட்டரிலும் கரண்டிலும்தான்.

மெஷினுக்கு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய மினி பிசி போதும். ஃப்ரீபிபிஎக்ஸ் 17-ஐ டெபியன் 12 என்ற லினக்ஸ் மீது ஏற்றலாம். ராஸ்பெரி பை (கையகலக் கணினி) வேண்டாம்: அழைப்புப் பதிவுகளை ஓயாமல் எழுதி எழுதியே மெமரி கார்டு செத்துப்போகும். பழைய வழிகாட்டிகளில் வரும் ‘சான் சிப்’ (இணையம் வழி அழைப்பை இணைக்கும் ‘சிப்’ - SIP - முறைக்கான பழைய மாட்யூல்) அமைப்புகளையும் மறந்துவிடுங்கள். ஆஸ்டரிஸ்க் 21-ல் அதை நீக்கியே விட்டார்கள், இப்போது எல்லாம் ‘பிஜேசிப்’தான்.

இனி டயல் விதி. உள் எண்களை 201, 202 என்று வையுங்கள். 9-ல் தொடங்கும் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். காரணம், வெளியே பேச 9 அழுத்தும் பழக்கம் நம் ஆபிஸ்களில் இன்னும் போகவில்லை. அதற்காக ‘முன்னால் வரும் 9-ஐ வெட்டிவிட்டு மீதியை அனுப்பு’ என்று ஒரு விதி எழுதுவார்கள். யாராவது பதற்றத்தில் அவசர எண் 999 அடித்தால் அந்த விதி முதல் 9-ஐ விழுங்கிவிடும், வெளியே போவது வெறும் 99. ஆம்புலன்ஸ் கேட்டவருக்குக் கிடைப்பது ‘எண் தவறு’ என்ற குரல். அதனால் 999-க்கென்று தனி ரூட் (அழைப்பு வெளியே போகும் வழிக்கான விதி) எழுதி, எல்லா ரூட்டுக்கும் மேலே வையுங்கள். 9999 அடித்தாலும் 999 என்றே போகிற மாதிரி இரண்டாவது வரியும் சேருங்கள். சோதிக்க நிஜமாக அழைத்துவிடாதீர்கள். ரௌட்டரின் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு 999 அடித்தால், டிரங்குக்கு (வெளி லைன் தரும் நிறுவனத்தோடு உள்ள இணைப்புக்கு) எந்த எண் கொடுக்கப்படுகிறது என்று ஆஸ்டரிஸ்க் கன்சோலில் (கட்டளைத் திரையில்) தெரியும்.

வெளியே போகும் எண்ணைச் சில டிரங்க் நிறுவனங்கள் 05 என்று (ஊர்க் குறியீட்டோடு) கேட்கும், சில 605 என்று (நாட்டுக் குறியீடு 60 சேர்த்து) கேட்கும். உள்ளே வரும் எண்ணும் அப்படித்தான். இன்பவுண்ட் ரூட்டில் (வரும் அழைப்புக்கான விதியில்) எழுதியதும் அவர்கள் அனுப்புவதும் ஒரு இலக்கம் மாறினாலும் மணி அடிக்காது. ஊகிக்க வேண்டாம், ஒருமுறை கைப்பேசியிலிருந்து அழைத்து, லாகில் (பதிவேட்டில்) வந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதுங்கள்.

அதிகம் பேரை அலைக்கழிப்பது ஒருவழிக் குரல். நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. கன்சோலில் ‘பிஜேசிப் செட் லாகர் ஆன்’ கொடுத்து ஒரு அழைப்பைப் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து போகும் செய்தியின் அடிப்பகுதியில் ‘சி’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்பது அதன் பொருள். அங்கே 192.168.1.10 மாதிரி ஆபிசுக்குள் மட்டும் செல்லும் முகவரி இருந்தால், எதிர்முனையின் குரல் நம் வாசலுக்கே வராது. ‘ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸ்’ பக்கத்தில் வெளி ஐபியையும் உள் நெட்வொர்க்கையும் சரியாக நிரப்புங்கள். ரௌட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’ இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதாகச் சொல்லிக்கொண்டு முகவரிகளைத் தப்பும் தவறுமாகத் திருத்துவது அதுதான்.

இதே கோளாறுக்கு இன்னொரு முகம் உண்டு: வரும் அழைப்பு 32-வது விநாடியில் அறுந்துபோவது. நாம் எடுத்துவிட்டோம் என்ற செய்திக்கு எதிர்முனை அனுப்பும் ஒப்புதல் தவறான முகவரிக்குப் போய்விடுகிறது. ஆஸ்டரிஸ்க் 32 விநாடி வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது. சரியாக 32-ல் அறுந்தால் லைன் மோசம் என்று யாரையும் திட்டாதீர்கள், முகவரியைப் பாருங்கள். கரண்டு போய் வந்த பிறகு இது புதிதாக முளைத்தால், ரௌட்டர் வேறு வெளி ஐபி வாங்கியிருக்கும். பழைய எண்ணை மாற்றி ஆஸ்டரிஸ்க்கை மறுதொடக்கம் செய்ய வேண்டும். நிலையான ஐபி கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கரண்டு விஷயத்துக்கு வருவோம். எட்டு மேசை போனுக்கு ஏறக்குறைய 35 வாட், மினி பிசிக்கு 15, ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் 20. மொத்தம் 70 வாட். சாதாரண 650 விஏ யுபிஎஸ் உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, அதாவது 84 வாட்-மணி. கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். நடைமுறையில் அரை மணியை எதிர்பாருங்கள், பேட்டரி பழசானால் அதுவும் இல்லை. பலர் பிசியை யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு, சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டியை மறந்துவிடுவார்கள்; பிசி ஓடும், போன் ஊமையாக இருக்கும். பிசியின் பயாஸ் அமைப்பில் ‘கரண்டு வந்ததும் தானாக எழு’ என்பதையும் போட்டுவையுங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை போன கரண்டுக்குத் திங்கள் காலை கிராணி வந்து பட்டன் அழுத்த வேண்டியிருக்கும்.

மத்தியான மழையோடு வரும் இடி அதைவிட மோசம். ஆபிசுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் வெட்டவெளியில் செப்பு நெட்வொர்க் கம்பி இழுக்காதீர்கள். 100 மீட்டருக்கு மேல் அது வேலை செய்யாது என்பது ஒரு பக்கம்; அருகில் இடி விழுந்தால் ஸ்விட்சோடு போனையும் சேர்த்து எரித்துவிடும். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஃபைபர் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செப்புக் கம்பியோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழை வழியாக மின்சாரம் பாயாது.

இணையம் போனால் மாற்று வழியாக சிம் போடும் கேட்வே (கைப்பேசி சிம் வழியாக அழைப்பை அனுப்பும் பெட்டி) வைப்பது நல்ல யோசனை, ஆனால் வோல்ட்டீ (4ஜி வழியாகக் குரல் அழைப்பு) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு மூடப்பட்டுவிட்டது. பழைய 3ஜி கேட்வேயை மலிவாக விற்பவரிடம் ஏமாற வேண்டாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. 5060 போர்ட்டை (சிப் அழைப்புகள் வரும் வாசலை) இணையத்துக்குத் திறக்காதீர்கள், அல்லது டிரங்க் நிறுவனத்தின் ஐபிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து தெரியவே கூடாது: 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸில் மேசை போன்களை அமைக்கும் எண்ட்பாயிண்ட் மாட்யூலில் இருந்த ஓட்டை வழியாகக் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைந்தார்கள். மாட்டிக்கொண்டவை அந்தப் பக்கத்தை வெளியே திறந்து வைத்திருந்த சர்வர்கள். உள் எண் 201-க்குக் கடவுச்சொல்லும் 201 என்று வைத்தால் திருடர்கள் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு வெளிநாடு பேசிவிடுவார்கள். 00-ல் தொடங்கும் வெளிநாட்டு அழைப்புகளை மூடிவையுங்கள், தேவைப்படுபவருக்கு ரகசிய எண் (PIN) கொடுங்கள்.

கடைசியாக வரவேற்புக் குரல். 8000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். மலாய் வரி முடிந்ததும் உடனே தமிழ் வர வேண்டும், இல்லையென்றால் மூத்தவர்கள் வைத்துவிடுவார்கள். ‘மருந்து பற்றிக் கேட்க, இரண்டு’ என்று விஷயத்தை முன்னும் எண்ணைப் பின்னும் சொல்லுங்கள். எண்ணை முதலில் சொன்னால், விஷயம் காதில் விழுவதற்குள் எண் மறந்துபோகும்.