சதர்லேண்ட் மட்டும் போதாது

எண்ணெய் சூடானால் இளகும். காற்று சூடானால் அதன் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வு, கூடும். முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை. வேகமெடுத்த மூலக்கூறுகள் அடுக்குக்கு அடுக்கு உந்தத்தைக் கூடுதலாகக் கடத்துகின்றன, அவ்வளவுதான்.

வெப்பநிலையிலிருந்து பாகுநிலையைக் கணக்கிட 1893-இல் சதர்லேண்ட் தந்த சூத்திரம், காற்றுக்கு 110.4 கெல்வின் மாறிலியோடு, சாதாரண வேகங்களில் அழகாக வேலை செய்யும். ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான ஹைப்பர்சானிக் வேகத்தில்தான் வம்பு. அதிர்ச்சி அலைக்குப் பின்னால், வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 2500 கெல்வினில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அணுக்களாக உடையத் தொடங்கும், 4000-இல் நைட்ரஜனும். அப்புறம் அது நாம் அறிந்த காற்றே அல்ல. அங்கே வேறு சூத்திரங்கள் வேண்டும்: ஒவ்வொரு வாயுவின் பாகுநிலைக்கும் ப்ளாட்னருடையது, வெப்பக் கடத்தலுக்கு யூக்கனுடையது, எல்லாவற்றையும் கலக்க வில்கியுடையது.

கணினியில் ஓட்டத்தைக் கணக்கிடும்போது, சோம்பேறித்தனமாக பிராண்டல் எண்ணை (உந்தம் பரவுவதற்கும் வெப்பம் பரவுவதற்கும் உள்ள விகிதம்) 0.72 என்று நிறுத்திவிட்டால், அழுத்தம் ஓரளவு சரியாகவே வரும். சுவரின் வெப்பப் பாய்வுதான் காலை வாரும். ஒரு வாரம் கணக்கீட்டுக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம் அது.