இரவல் புத்தகச் செயலி: வரிசை நீக்கமும் ஆப்ஷனல் மதிப்புகளும்

நண்பர்களுக்கு இரவல் கொடுத்த புத்தகங்களைக் குறித்து வைக்க ஸ்விஃப்ட் நிரல்மொழியில் எழுதிவரும் ஐபோன் செயலியில், டேபிள் வியூ எனும் பட்டியலின் வரிசையை நீக்கும் பகுதி இப்போது முடிந்திருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் புத்தகத்தின் பெயர், வாங்கியவர் பெயர், திரும்பி வந்த தேதி ஆகியவை உண்டு. தேதி மட்டும் ஆப்ஷனல், அதாவது மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அங்கே நில் (nil, மதிப்பு இல்லை என்பதன் குறி) இருப்பதே சரியான தகவல்.

வரிசையை இடப்பக்கம் தள்ளினால் தோன்றும் சிவப்புப் பொத்தானை, ஐஓஎஸ் 11 முதல் உள்ள ஸ்வைப் ஆக்‌ஷன் மூலம் அமைத்தேன். அழுத்தியதும், ஆப்ஷனலில் மதிப்பு உண்டா என்று சோதிக்கும் இஃப் லெட் தேதியைப் பார்க்கிறது: தேதி இருந்தால் பதிவு உடனே நீங்கும், இல்லையென்றால் ‘புத்தகம் இன்னும் திரும்பவில்லை, நீக்கலாமா?’ என்று கேட்கும்.

அந்தக் கேள்விக்குப் பிந்தைய வேலைதான் அதிக நேரம் பிடித்தது. பயனர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஐகிளவுட் வழியாக இணைந்த ஐபேடில் அதே பதிவு நீக்கப்பட்டிருக்கலாம். அப்போது கையிலுள்ள இண்டெக்ஸ்பாத் (பட்டியலில் வரிசையின் இடம்) வேறொரு புத்தகத்தைச் சுட்டும், அல்லது பட்டியலின் எல்லையையே தாண்டிவிடும். பதிவுகளை வரிசையாக வைத்திருக்கும் ஸ்விஃப்ட்டின் அரேயில் இல்லாத இடத்தைக் கேட்டால் நில் கிடைக்காது, செயலியே நின்றுவிடும். ஆகவே பதிவின் யூயூஐடியை (அதற்கே உரிய அடையாளம்) மட்டும் வைத்துக்கொண்டு, பயனர் ஒப்புக்கொண்ட பின் ஃபர்ஸ்ட்இண்டெக்ஸ் மூலம் இடத்தைப் புதிதாகத் தேடுகிறேன். அது தருவது ஆப்ஷனல் எண். இதற்கு ஆச்சரியக்குறி போட்டு மதிப்பை வலிந்து எடுப்பது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம்; இங்கே நில் என்றால் நீக்க வேண்டியது ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள், அதை, மதிப்பு இல்லாவிட்டால் அங்கேயே வெளியேறச் செய்யும் கார்ட் லெட்டில் பெற்றுக்கொண்டு வெளியேறினால் போதும். வெளியேறும்போதும், வேலை முடிந்தது என்று டேபிள் வியூவுக்குச் சொல்லும் கம்ப்ளீஷன் ஹேண்ட்லரை அழைத்தாக வேண்டும். இல்லையேல் வரிசை தள்ளிய நிலையிலேயே நிற்கக்கூடும்.

இடம் கிடைத்தால் முதலில் அரேயிலிருந்து பதிவை எடுத்துவிட்டு, உடனே திரையிலிருந்து வரிசையை அகற்றும் டெலீட்ரோஸை அழைக்கிறேன். முன்பிருந்த வரிசைகளிலிருந்து நீக்கியவற்றைக் கழித்தால் வரும் எண்ணிக்கையும் அரேயில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால், திரைகளை அமைக்கும் ஆப்பிளின் தொகுப்பான யூஐகிட் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எழுப்பிச் செயலியை மூடிவிடும்.

ஐபோனில் எச்சரிக்கையைத் திறந்து வைத்துவிட்டு, ஐபேடில் அதே பதிவை நீக்கி, பிறகு ஐபோனில் ‘நீக்கு’ என்று அழுத்திப் பார்த்தேன். எச்சரிக்கை மூடியது, மற்றப் பதிவுகள் அப்படியே இருந்தன. அடுத்து, பட்டியலின் மாற்றங்களைத் தானே கணக்கிட்டுக் காட்டும், ஐஓஎஸ் 13-இல் வந்த டிஃபபிள் டேட்டா சோர்ஸுக்கு இதே பட்டியலை மாற்ற வேண்டும். அங்கே இண்டெக்ஸ்பாத்தைக் கொடுத்து அடையாளத்தைக் கேட்டாலும் வருவது ஆப்ஷனல்தான்.